போன வெள்ளிக்கிழமை இன்று அச்சாகிறது

எங்கள் நாட்டில் சட்டங்கள் வெள்ளிக்கிழமைதான் பிறக்கும். மற்றக் கிழமைகளோடு அரசுக்கு ஏதும் பகை இல்லை. அரசிதழ் வெள்ளிக்கிழமைதோறும் வரும், அதில் அச்சேறி வெளியே வந்தால்தான் சட்டத்துக்கு உயிர், அவ்வளவுதான். அதுவரை சட்டசபையில் எத்தனை பேர் மேசையைத் தட்டியிருந்தாலும், எத்தனை பேர் கோபித்துக்கொண்டு வெளியே போயிருந்தாலும், எவ்வளவு பெரிய மனிதர் கையெழுத்துப் போட்டிருந்தாலும் அது வெறும் காகிதம். அரசு அச்சகத்தில் நான் பிழை திருத்துகிறவள். சட்டங்கள் பிறப்பதற்கு முந்தின நாள் என் மேசைக்கு வந்து, கால், கொம்பு, ஒற்று எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு போகும். விஷயம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை இல்லை. அது யார் வேலை என்று சேர்ந்த நாளிலிருந்து விசாரிக்கிறேன், இன்னும் ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை.

இதில் ஒரு சின்னச் சிக்கல். இயந்திரத்துக்குக் கிழமை தெரியாது. அது பாட்டுக்கு உருளை தேயும், மோட்டார் புகையும், ஆளைக் கூப்பிட்டால் உதிரிபாகம் வரவேண்டும் என்பான். அப்படிப்பட்ட வாரத்தில் அரசிதழ் திங்களோ செவ்வாயோ புதனோதான் வெளியே வரும். ஆனால் முகப்பில் மட்டும் வெள்ளிக்கிழமைத் தேதி இருக்கும். எங்கள் சூப்பரின்டென்ட் அதில் விட்டுக்கொடுக்கவே மாட்டார். அவருக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான் செய்தார், அவருக்கும் முன்னால் இருந்தவரும் அப்படித்தான் செய்தாராம். "வெள்ளிக்கிழமை வர்ற பத்திரிகைன்னா வெள்ளிக்கிழமை வரணும். வரலைன்னாலும் வந்திருக்கணும்" என்பது அவர் கொள்கை. அச்சகத்தில் அவருக்குப் பட்டப்பெயரே 'வெள்ளிக்கிழமை'தான். ஆக, செவ்வாய்க்கிழமை பிறந்த சட்டம் நான்கு நாளாகவே நடந்து திரிந்துகொண்டிருந்ததாக நாடு முழுக்க நம்பும். இதனால் யாருக்கும் ஒரு கெடுதலும் வந்ததில்லை, அல்லது கெடுதல் வந்தவருக்கு இதனால்தான் வந்தது என்று தெரிந்ததில்லை.

என் அண்ணன் சட்டக் கல்லூரியில் முதல் வருஷப் பிள்ளைகளுக்குச் சிவில் சட்டத்தின் அடிப்படைக் கோட்பாடுகளை நடத்துகிறவன். அதைத் தாண்டி எதையும் நடத்தச் சொல்லி அவனை யாரும் கேட்கவில்லை என்பதால் அடிப்படையிலேயே நின்றுவிட்டான். வீட்டுக்கு வந்தாலும் வகுப்புதான். ஒரு தடவை அப்பாவின் குடையை எடுத்துக்கொண்டு போய்த் தொலைத்துவிட்டு, ஒரு பொருளை வைத்திருப்பது வேறு, அதற்கு உரிமை வைத்திருப்பது வேறு என்று அரை மணி நேரம் விளக்கினான். அப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி, மழை பெஞ்சா எதைப் பிடிச்சுக்கறது?" என்றார்.

அப்பா தண்ணீர் வாரியத்தில் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்தவர். அவர் கட்டிய வீட்டில் ஒரு கூடம், இரண்டு அறை, பின்னால் துணி காயப்போடக் கொஞ்சம் இடம். அண்ணன் கல்லூரிக் குடியிருப்பில் இருந்தான். இங்கே அப்பாவும் நானும் மட்டும். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்பவர்களுக்கு ஆளுக்கொரு காரணம் சொல்லி வைத்திருக்கிறேன், எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். உயில் எழுதிவிடட்டுமா என்று அப்பா ஒரு நாள் அண்ணனைக் கேட்டார். "எதுக்குப்பா வீண் அலைச்சல்? உயில் இல்லைன்னா சட்டமே பார்த்துக்கும்" என்றான் அண்ணன். சட்டம் எப்படிப் பார்த்துக்கொள்ளும் என்று அப்பா கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. அப்போது இருந்த சட்டப்படி வீடு மகனுக்கு. கல்யாணமாகாத மகளுக்கு 'நியாயமான திருமணச் செலவு'. எனக்கு ஐம்பத்திரண்டு வயது. எனக்கான நியாயமான திருமணச் செலவில் பாதி மாப்பிள்ளையின் மூட்டுவலித் தைலத்துக்கே போயிருக்கும்.

அப்புறம்தான் அந்தப் புதுச் சட்டம் வந்தது. ஒரு வியாழக்கிழமை, என் மேசைக்கு. உயில் இல்லாமல் இறந்தவரின் சொத்து மகனுக்கும் மகளுக்கும் சரிபாதி. கடைசி வரியில், அரசிதழில் வெளியாகும் நாளிலிருந்து நடைமுறைக்கு வரும் என்று இருந்தது. அதில் நான் இரண்டு ஒற்றுப்பிழை திருத்தினேன். மூன்றாவது தடவை படித்தபோது திருத்துவதற்கு ஒன்றும் இல்லை, சும்மா படித்தேன். நன்றாக இருந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலையில் அச்சு இயந்திரத்தின் மோட்டார் எரிந்து போனது. வேலை இல்லை என்று எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்பாவுக்கு அந்த வாரம் மூச்சிரைப்பு அதிகமாக இருந்தது, ஆனால் வாய் மட்டும் இரைக்கவே இல்லை. வேலை நாளில் நான் வீட்டில் இருப்பது அவருக்குப் பெரிய வேடிக்கை. "என்னம்மா, கவர்மென்ட்டை மூடிட்டாங்களா?" என்றார். புதுச் சட்டத்தைப் பற்றிச் சொன்னேன். "நானும் இனிமே பங்காளிப்பா" என்றேன். கொஞ்சம் யோசித்தவர், "அப்போ தண்ணி வரியில பாதி உன் தலையில" என்றார். இருவரும் சிரித்தோம். அவருக்குச் சிரிப்பு இருமலாகி, இருமல் நின்றபின் மறுபடி சிரித்தார். சனிக்கிழமை காலை முகம் மழித்துவிடச் சொன்னார். மழித்தபின் கண்ணாடி கேட்டு வாங்கிப் பார்த்து, காதோரம் விட்டுப்போன நான்கு முடியைக் காட்டி, "இது யாருக்கு, உங்க அண்ணன் பங்கா?" என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை விடிகிற நேரத்தில் இறந்துபோனார். என் கை அவர் நெஞ்சின் மேல்தான் இருந்தது.

அண்ணனும் அண்ணியும் வந்தார்கள். அண்ணன் நன்றாக அழுதான். அதில் நான் குறை சொல்ல மாட்டேன், அழுதது நிஜம்தான். செவ்வாய்க்கிழமை என் அச்சகத்து ஆட்கள் துக்கம் விசாரிக்க வந்தார்கள். ஒரு நாற்காலியில் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான், எதிரில் இயந்திரம் ஓட்டுகிறவர் உட்கார்ந்திருந்தார். அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்தார். "வர்றேம்மா. மோட்டார் இப்பத்தான் சரியாச்சு. போன வெள்ளிக்கிழமையை இன்னிக்குத்தான் அடிக்கப் போறோம். நான் போய்த்தான் தொடங்கணும்" என்றார்.

அண்ணன் கண்ணைத் துடைப்பதை நிறுத்தினான். "போன வெள்ளிக்கிழமை கெஜட் இன்னும் வெளிய வரலையா?" என்று கேட்டான். துக்க வீட்டில் அரசிதழைப் பற்றி இவ்வளவு அக்கறையாக விசாரித்தவனை இயந்திரம் ஓட்டுகிறவர் அதற்கு முன் பார்த்திருக்க மாட்டார். சாயங்காலத்துக்குள் வந்துவிடும் என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.

எல்லாரும் கலைந்தபின் கூடத்தில் வகுப்பு ஆரம்பமானது. முதல் வருஷ மாணவியாக நான், கடைசி பெஞ்சில் அண்ணி.

"இங்க பாரு, உணர்ச்சிவசப்படாம கேளு" என்றான் அண்ணன். நான் சும்மாதான் இருந்தேன். "ஒருத்தர் சாகற அந்த நிமிஷத்துல எந்தச் சட்டம் இருக்கோ அதுதான் அவரோட சொத்துக்கு. இது அடிப்படை. பின்னாடி வர்ற சட்டம் முன்னாடி நடந்ததைத் தொடாது. இதுவும் அடிப்படை. சட்டம் எப்ப வருது? வெளியான அப்புறம். ஜனங்க படிக்கறதுக்கு ஒரு வழி வேணும் இல்லையா? அப்பா ஞாயித்துக்கிழமை போனாரு, சட்டம் செவ்வாய்க்கிழமை வந்துது."

"கெஜட்ல வெள்ளிக்கிழமைன்னுதானே இருக்கும்?"

"இருக்கும். ஆனா வெள்ளிக்கிழமை யாராவது படிச்சிருக்க முடியுமா?"

"என்னிக்கு வந்தாலும் அதை யாருண்ணா படிக்கறாங்க? நான் ஒருத்திதான் படிக்கறேன். வியாழக்கிழமையே படிச்சிட்டேன்."

அண்ணி மட்டும் லேசாகச் சிரித்துவிட்டு, சிரித்திருக்கக் கூடாது என்று நினைவு வந்து நிறுத்திக்கொண்டார்.

இரண்டு வாரம் கழித்து அண்ணனும் அண்ணியும் ஒரு பை நிறைய ஆப்பிளோடு வந்தார்கள். அண்ணன் ஆப்பிள் வாங்கி வந்தான் என்றால் ஏதோ வக்கீலைப் பார்த்துவிட்டு வருகிறான் என்று அர்த்தம். அப்படித்தான். அரசிதழில் போட்ட தேதியை அசைக்கவே முடியாது, எந்த நீதிமன்றமும் அதை நம்பித்தான் ஆகவேண்டும் என்று வக்கீல் கையை விரித்துவிட்டாராம். சட்டத்தை நகர்த்த முடியாது. அதனால் அண்ணன் அப்பாவை நகர்த்த முடிவு செய்திருந்தான்.

இறப்பைப் பதிவு செய்கிற படிவம் பையில் ஆப்பிளுக்கு அடியில் இருந்தது. இறந்த நாள் வியாழக்கிழமை என்று பூர்த்தி செய்திருந்தான்.

"டாக்டர்கிட்ட பேசிட்டேன், அவரு எழுதித் தர்றேன்னுட்டாரு. கடைசியா கூட இருந்தவங்க கையெழுத்துதான் வேணும்" என்றான். "கோர்ட்டு கேஸெல்லாம் நமக்குள்ள எதுக்கு? பின் ரூம் உனக்குத்தான், ஆயுசு பூரா இருந்துக்கோ. எழுதியே தர்றேன்."

"மூணு நாள்தானே" என்றார் அண்ணி. "அவரு என்ன, வந்து கேக்கவா போறாரு?"

எனக்கு அதுவரை வராத கோபம் அப்போது வந்தது. வீட்டைக் கேட்டிருந்தால்கூட வந்திருக்காது.

"அப்போ வெள்ளிக்கிழமை நான் யாரோட உக்காந்து சிரிச்சேன் அண்ணி? பொணத்தோடயா? சனிக்கிழமை யாருக்கு மழிச்சுவிட்டேன்? அவரு எனக்குக் குடுத்துட்டுப் போனதே அந்த மூணு நாளுதான். அதையும் பாகம் பிரிக்க வந்துட்டீங்களா?"

அண்ணி ஆப்பிள் பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் படிவத்தை மடித்தான். கதவு வரைக்கும் போய்விட்டுத் திரும்பினான்.

"கெஜட்ல இருக்கற தேதி பொய்யின்னு உனக்குத் தெரியும். அந்தப் பொய்யால பாதி வீடு வருதுன்னா வாங்கிக்குவே. அப்பா தேதியில கை வெச்சா மட்டும் உனக்கு வலிக்குது. ஒரு பொய்யி இனிக்குது, இன்னொரு பொய்யி கசக்குது. நல்ல நியாயம்."

எப்போதாவது ஒரு தடவை அவன் இரண்டாம் வருஷப் பாடமும் நடத்திவிடுகிறான்.

இறப்பை ஞாயிற்றுக்கிழமை என்று நானே போய்ப் பதிந்தேன். முதல் வக்கீல் முடியாது என்றதையே வேறு வக்கீலை வைத்து, அரசிதழ் உண்மையில் செவ்வாய்க்கிழமைதான் வந்தது, முழு வீடும் தனக்குத்தான் என்று அண்ணன் வழக்குப் போட்டான். அச்சகத்தின் சார்பில் சூப்பரின்டென்டையும், உண்மை தெரிந்தவள் என்று என்னையும் சாட்சிக்கு அழைத்தான். சொந்த வழக்கில் எதிராளியைச் சாட்சிக்குக் கூப்பிட்ட தைரியத்தை நான் பாராட்டத்தான் வேண்டும். நான் பொய் சொல்ல மாட்டேன் என்று என் மேல் அவ்வளவு நம்பிக்கை. வீட்டை மட்டும்தான் என்னை நம்பி விட முடியவில்லை.

நீதிமன்ற ஓலை வந்த அன்று எங்கள் சூப்பரின்டென்ட் 'வெள்ளிக்கிழமை' என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அன்றைக்கு என்னவோ புதன்கிழமை. மேசை மேல் காற்றாடி சுற்றியும் அவருக்கு நெற்றியெல்லாம் வியர்வை.

"செவ்வாய்க்கிழமைன்னு ஒரு வார்த்தை உன் வாயில வந்துச்சுன்னா என்ன ஆகும்னு யோசிச்சியாம்மா? ஒரு கெஜட்டு பொய்யின்னா எல்லா கெஜட்டையும் எடுத்துப் பார்ப்பான். எத்தனை பேரு வேலை, எத்தனை பேரு சொத்து! ஏன், அந்த ஜட்ஜையே நியமிச்சது கெஜட்டுலதான். அந்த வாரமும் மெஷின் ரிப்பேரு, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. என் பிரமோஷன் வந்த வாரத்தைப் பத்தி நான் பேசவே விரும்பலை."

"ஆனா சார், நடந்தது செவ்வாய்க்கிழமைதானே?"

"நடந்ததை யாரும்மா இல்லைங்கறா?" என்றார் நிஜமான வருத்தத்தோடு. "நீ வெள்ளிக்கிழமைன்னு சொன்னா உனக்கு வீடு கிடைக்குது, எனக்குத் தூக்கம் கிடைக்குது. செவ்வாய்க்கிழமைன்னு சொன்னா யாருக்கு என்ன கிடைக்குது? உண்மைக்கு என்ன, வீடு வாசல் வேணுமா?"

எனக்கு வேண்டும். அதுதான் பிரச்சினை. அந்த ஐம்பத்திரண்டு வயதில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாடகைக்கு அறை தேடிப் போவதை நினைக்கவே பயமாக இருந்தது. 'தனியாவா இருக்கீங்க?' என்று கேட்டுவிட்டு என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்க்கிற வீட்டுக்காரர்களை எனக்குத் தெரியும். பின் வாசலில் துணி காயப்போடும்போதெல்லாம், சும்மா வெள்ளிக்கிழமை என்று சொல்லிவிட்டு வந்துவிடேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பிறகு அண்ணன் கதவருகே நின்று சொன்னது வந்து குறுக்கே நிற்கும். அப்பாவின் சனிக்கிழமை நிஜம் என்று நான் சத்தியம் செய்யவேண்டுமானால், அடுத்து வந்த செவ்வாய்க்கிழமையை மட்டும் எப்படி ஒளித்துவைப்பது?

நீதிமன்றத்தில் முதலில் வெள்ளிக்கிழமைதான் கூண்டேறினார். உண்மையைத் தவிர வேறெதுவும் சொல்வதில்லை என்று சத்தியம் செய்துவிட்டு நேரே வேலைக்கு வந்தார். அந்த இதழ் எந்தக் கிழமை அச்சகத்தை விட்டு வெளியே போனது என்று அண்ணனின் வக்கீல் கேட்டார். "வெள்ளிக்கிழமை நாளிட்ட இதழ் வெள்ளிக்கிழமைதான் வெளிவரும். அதனாலதான் அதுல வெள்ளிக்கிழமைன்னு போட்டிருக்கு" என்றார். இதைக் கேட்டு நீதிபதி தலையசைத்ததைப் பார்த்தபோது, ஒரு பொய் எவ்வளவு கம்பீரமாக நிற்க முடியும் என்று புரிந்தது.

அடுத்து நான். அதே கேள்வி.

"செவ்வாய்க்கிழமைங்க" என்றேன்.

என் வக்கீல் நெற்றியில் கை வைத்தார். அண்ணன் தலை குனிந்திருந்தான், நிமிரவில்லை. நீதிபதி கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"நீங்க சொல்றது உங்களுக்கே பாதகம்னு தெரியுமா?"

"தெரியுங்க."

"அந்தச் செவ்வாய்க்கிழமை வீட்டுல துக்கம், இல்லையா?"

"ஆமாங்க. அப்பா போயி ரெண்டு நாள்."

"பாவம்" என்று சொல்லி ஏதோ எழுதிக்கொண்டார். நான் சொன்னதைத்தான் எழுதுகிறார் என்று நினைத்தேன்.

தீர்ப்பை வாசிக்க அதிக நேரம் ஆகவில்லை. அரசிதழின் முகப்பில் உள்ள நாளே அது வெளியான நாள், அதைச் சந்தேகிக்க ஆரம்பித்தால் நாட்டில் எதுவும் நிற்காது. இதை அவர் கொஞ்சம் அழுத்தமாகவே வாசித்தார். ஆகவே சட்டம் வெள்ளிக்கிழமை நடைமுறைக்கு வந்தது. தகப்பனார் ஞாயிற்றுக்கிழமை இறந்தார். வீடு இருவருக்கும் சரிபாதி. பெண் சாட்சியைப் பொறுத்தவரை, தன் நலனுக்கே எதிராக அவர் பேசியதிலிருந்து, துக்கத்தில் மனம் கலங்கியிருந்த அவருக்கு அந்த வாரத்தின் நாட்களைப் பற்றித் தெளிவான நினைவு ஏதும் இல்லை என்று இந்த நீதிமன்றம் அனுதாபத்தோடு கருதுகிறது.

ஆக, சத்தியம் செய்து பொய் சொன்னவர் பொறுப்புள்ள அதிகாரி. சத்தியம் செய்து உண்மை சொன்ன எனக்குப் புத்தி கலங்கிவிட்டது. கலங்கியதற்குப் பரிசு பாதி வீடு.

எனக்குச் சந்தோஷம் வந்தது, மறைக்க மாட்டேன். பெட்டி தூக்க வேண்டாம், துணி காயப்போட இடம் இருக்கிறது. ஆனால் படியிறங்கும்போதே தீர்ப்பின் கடைசி வரிதான் காதில் ஒலித்தது. அந்த வாரத்தின் நாட்கள் எனக்கு நினைவில்லையாம். அப்பாவை வியாழக்கிழமைக்குத் தள்ளாமல் நான் கட்டிப்பிடித்து வைத்திருந்த வெள்ளியும் சனியும், முத்திரை குத்திய காகிதத்தில் ஒரு கலங்கிய மனத்தின் குழப்பமாகிவிட்டன. வெள்ளிக்கிழமை ஓடி வந்து, "பார்த்தியாம்மா, எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது" என்று கைகூப்பிவிட்டுப் போனார்.

கார்கள் நிற்கிற இடத்தில் அண்ணன் தனியாக நின்றிருந்தான். அண்ணி வக்கீலோடு பேசிக்கொண்டிருந்தார், மேல்முறையீட்டைப் பற்றியாகத்தான் இருக்கும். நான் அவனைக் கடந்துபோகப் பார்த்தேன்.

"ஒரு நிமிஷம்" என்றான். வகுப்பு எடுக்கிற குரல் இல்லை. "சனிக்கிழமை... அப்பா என்னைப் பத்தி ஏதாவது கேட்டாரா?"

நாக்கு நுனியில் பதில் தயாராக இருந்தது. எனக்குத்தான் நாட்கள் நினைவில்லையே, கோர்ட்டே சொல்லிவிட்டதே, மேல்முறையீட்டில் வேண்டுமானால் கேட்டுப் பார். சொல்லியிருந்தால் அன்றிரவு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். ஆனால் அவன் முகம், குடையைத் தொலைத்துவிட்டு வந்து நின்ற அன்றுகூட அப்படி இருந்ததில்லை.

"கேட்டாரு" என்றேன். "சாயங்காலம் பூரா, தெருவுல கார் சத்தம் கேட்டப்பல்லாம் நீயான்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்னே?"

"நீ போன்ல சொன்னதைத்தான் சொன்னேன். பரீட்சைப் பேப்பர் திருத்தறான், நாளைக்கு வருவான்னு."

"அதுக்கு?"

"சரி, நாளைக்கு வரைக்கும் இருந்து பாக்கறேன்னாரு."

அண்ணி அங்கிருந்து கையசைத்துக் கூப்பிட்டார். அண்ணன் கார்ச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான்.